வெந்நீர் சுடாத கால்

பரமானந்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் இறந்தபோது இரண்டு கால்களோடும்தான் கல்லறைக்குப் போனார். இதையெல்லாமா பெருமையாகச் சொல்வார்கள் என்று கேட்காதீர்கள். உணர்ச்சி செத்துப்போன இரண்டு கால்களைப் பத்து வருஷம் காப்பாற்றிக் கொண்டுபோவது என்ன பாடு என்று, கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருந்த எனக்குத் தெரியும். வலது காலில் சுண்டுவிரல் மட்டும் இல்லை. அந்த விரல் போன கதையைத்தான் எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் அவர்தான். "நான் இருக்கும்போது வேணாம், இசபெல்லா. வெக்கமா இருக்கும். போனப்புறம் எழுது" என்று சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் ரொட்டி மாஸ்டர். அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரக் குருவானவர் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அங்கே அடுப்படியில் கற்றுக்கொண்ட வேலை. காலையில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால், யூகலிப்டஸ் விறகுப் புகையோடு ரொட்டி வேகிற வாசனையும் சேர்ந்து வரும். குளிரில் அந்த வாசனைக்காகவே சிலர் சுற்றுவழியாகப் போவார்கள். நானும் போயிருக்கிறேன்.

மனுஷனுக்கு ஒரே ஒரு கர்வம், சுத்தம். அடுப்படிக்குள் நுழைகிற ஆள் கையை நீட்டிக் காட்ட வேண்டும். நகத்தில் அழுக்கு இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். அவர் மனைவி தெரசம்மாள் கோயில் பீடத்துத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறவர். அவர் துவைத்த துணியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் பரமானந்தம். "இவரோட குடும்பம் நடத்துறதும் ஆஸ்பத்திரியில வேல பாக்குறதும் ஒண்ணுதான்" என்று என்னிடம் சொல்லி அலுத்துக்கொள்வார் தெரசம்மாள்.

அந்த அடுப்படியில் மாவு பிசைகிற வேலையில் ராமர் என்று ஒருவர் இருந்தார். பக்கத்துப் பள்ளங்கி ஊர்க்காரர். கல்யாணமாகிக் கைக்குழந்தை ஒன்று. எழுபத்து மூன்றிலோ நான்கிலோ ஒரு நாள், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல் ஒன்று பரமானந்தத்தின் கண்ணில் பட்டது. சுகாதாரத் துறைக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தொழுநோய்க்குச் சோதித்ததை அவர் பார்த்திருக்கிறார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தார்.

"ஏலே ராமரு, கண்ண மூடு."

"எதுக்கு மாஸ்டர்?"

"மூடுன்னா மூடுலே. எங்கன தொடுறேன்னு சொல்லு."

ராமர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். பரமானந்தம் தேமலின் நடுவில் ஈர்க்குச்சியை வைத்து அழுத்தினார். ராமர் காத்துக்கொண்டே நின்றார்.

"தொடுங்க மாஸ்டர்" என்றார்.

அவ்வளவுதான். அன்று பிசைந்த மாவு முழுவதையும் பரமானந்தம் பின்னால் இருந்த குப்பைக்குழியில் கொட்டினார். கையில் ஒட்டிய மாவைக் கழுவக்கூடத் தோன்றாமல் ராமர் பார்த்துக்கொண்டு நின்றார். விடுதி வார்டன் அன்றே கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. டீக்கடையில் அவருக்குக் கிளாஸ் தரவில்லை. பள்ளங்கியில் அவர் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். பரமானந்தம் மட்டும் மேஜையைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். பிள்ளைகளைக் காப்பாற்றிய புண்ணியவான் என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. அவரும் அப்படித்தான் நம்பினார்.

அதற்கு மூன்று நான்கு வருஷம் கழித்து அவருக்கே ஆரம்பித்தது. முதலில் தாகம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அடுப்புச் சூடு என்று நினைத்தார். அடிக்கடி ஒண்ணுக்குப் போனார். அது குளிர் என்று நினைத்தார். பிறகு இரவில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பஞ்சின்மேல் நடப்பது போல இருந்தது. கடைசியில் எதுவுமே இல்லை. எரிச்சல் போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டாராம்.

அந்தச் சந்தோஷத்தைப் பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்த நசுருதீன் பாய் தெரியாமல் கெடுத்தார். ஒரு நாள் கடையைத் தாண்டிப் போன பரமானந்தத்தைப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மாஸ்டர்! ஒரு செருப்பு இங்கன கெடக்கு, நீங்க பாட்டுக்கு அங்கன போறீங்க!"

பரமானந்தம் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. கழன்று விழுந்ததும் தெரியவில்லை, வெறுங்காலோடு சரளைக்கல்லின்மேல் நடந்ததும் தெரியவில்லை. கடைத்தெருவே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கொட்டியது.

அடுத்த வாரம் மைதா வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கியபோது, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். எத்தனையோ வருஷமாக அந்தச் சுவரில் இருக்கிற வாசகம்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் பழுப்பாக நாலைந்து தழும்புகள். எப்போது வந்தவை என்று தெரியாது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். பாதத்தில் வைத்து அழுத்தினார். அழுத்துவது கைக்குத்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

இனி அவர் செய்ததுதான் அவருக்குக் கடைசிவரை ஆறாத புண். ராமரை எந்த மேஜையிலிருந்து விரட்டினாரோ, அதே மேஜையில் நின்று தினமும் மாவைப் பிசைந்தார். தனக்கு என்று வந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. வேலை போய்விடும், தெரசம்மாளை எவரும் வாசலில் சேர்க்க மாட்டார்கள், ராமருக்கு நடந்தது எல்லாம் தனக்கும் நடக்கும் என்று தெரியும். தெரியாமல் எப்படி? நடத்தி வைத்ததே அவர்தானே. "பிசையும்போது கையப் பாப்பேன் இசபெல்லா. இந்தக் கையில ஒண்ணும் இல்லைல்ல, காலுலதானன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிடுவேன். அவனுக்கும் வெரலுலயா இருந்துச்சு?" என்று பிற்பாடு கேட்டார்.

அடுப்படி வெக்கையிலும் சாக்ஸைக் கழற்றவில்லை. வீட்டில் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். குறட்டை என்று சாக்குச் சொல்லி முன் அறையில் படுக்க ஆரம்பித்தார். தெரசம்மாள் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் மூக்கைச் சிந்தினார்.

"இத்தன வருசத்துக்கப்புறம் இவருக்கு வேற தொடுப்பு ஏதும் வந்துருச்சோன்னு பயமா இருக்கு இசபெல்லா. எங்கிட்ட நெருங்கவே மாட்டேங்காரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கும் அடுப்படிக்கும் கோயிலுக்கும் தவிர வேறு வழி தெரியாத மனுஷனுக்குத் தொடுப்பாவது ஒன்றாவது.

எழுபத்தெட்டாம் வருஷத் தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சாயங்காலப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து அவர்களுடைய காலைக் கழுவுவார். ஆண்டவர் சீடர்களின் பாதத்தைக் கழுவியதற்கு நினைவு. எங்கள் பங்கில் இதற்கு ஒரு வேடிக்கை உண்டு. சாமியார் கழுவப் போகிறார் என்றால், பன்னிரண்டு பேரும் அன்று மத்தியானமே வீட்டில் காலை ஊறவைத்து, கல்லில் தேய்த்து, சோப்புப் போட்டு, மல்லிகைப்பூ மாதிரி ஆக்கிக்கொண்டுதான் வருவார்கள். சாமியார் கழுவுவதற்கு அழுக்கு என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. அழுக்கோடு வந்தவனைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.

அந்த வருஷம் அதற்கு நாலு நாள் முந்தி, குருத்தோலை ஞாயிறன்று சாமியார் வாசித்த பெயர்களில் பரமானந்தமும் இருந்தது. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. முடியாது என்று சொல்லிவிடலாம். ஏன் முடியாது என்று ஊர் கேட்குமே. சுத்தக்காரர் பரமானந்தம் காலைக் காட்ட மாட்டேன் என்றால் அதற்குக் கண் காது மூக்கு வைக்க நாலு பேர் போதும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வலது பாதம் மட்டும்தானே கழுவுகிறார்கள். பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றப்போவதில்லை. தழும்பு தெரியாது. காலைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து வந்துவிட்டால், யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது.

வியாழக்கிழமை மத்தியானம் தெரசம்மாள் பீடத்தை அலங்கரிக்கக் கோயிலுக்குப் போயிருந்தார். பரமானந்தம் வாளியில் வலது காலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் அண்டாவை வைத்துக்கொண்டார். ஒரு சொம்பு ஊற்றினார். சூடு உறைக்கவில்லை. வெளியே மேகம் இறங்கிக் குளிராக இருந்தது. தண்ணீர் ஆறிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றினார். அப்படியே ஊற்றிக்கொண்டே போனார். காலில் கொஞ்சமாவது இதமாக இருக்கட்டும் என்றுதான் ஊற்றினாராம். ஊறிய பாதத்தைக் கல்லால் தேய்த்தார். பாதம் சிவந்திருந்தது. சுத்தமாகிவிட்டது என்று நினைத்துப் புது சாக்ஸ் மாட்டிக்கொண்டார்.

கையை ஒரு முறை அந்த வாளிக்குள் விட்டிருந்தால் போதும். ஆனால் ரொட்டித் தகரத்தை வெறும் துணியால் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையும் எவ்வளவு உண்மை சொல்லியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

சாயங்காலம் நான் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரமானந்தம் கடைசிக்கு முந்தி. சாமியார் செம்போடும் தாம்பாளத்தோடும் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். தன் முறை நெருங்கியதும் பரமானந்தம் குனிந்து சாக்ஸை உருவினார். குனிந்தவர் காலைப் பார்க்கவில்லை. நேரே சிலுவையைப் பார்த்தபடி, பக்தியோடு மெல்லச் சிரித்தபடி, காலை நீட்டினார்.

வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி பாதத்துத் தோல் சாக்ஸோடு வந்துவிட்டது. உள்ளே செக்கச்செவேல் என்று சதை. கொப்புளம் உடைந்து தண்ணீர் வழிந்தது. முன்பெஞ்சில் ஒரு பெண் "ஐயோ மாதாவே" என்று கத்தினார். பாட்டு அப்படியே நின்றுபோனது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் பார்த்த பிறகுதான், கடைசி ஆளாக, அவர் தன் காலைப் பார்த்தார்.

சாமியார் செம்பைக் கீழே வைத்தார். "பரமானந்தம், வலிக்கலையா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நேரமில்லை. "வலிக்கல சாமி" என்றார்.

மைக் பக்கத்தில் இருந்தது. அந்தச் சொல் கோயில் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து யாரோ "பெரிய வியாதி" என்று சொன்னார்கள். தொழுநோயை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். தெரசம்மாளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் மெல்ல மெல்ல நகர்ந்து அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில் பூசை என்றும் பார்க்காமல் எழுந்து பீடத்துக்குப் போனேன். சாமியார் துடைக்க வைத்திருந்த துண்டால் அந்தக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இசபெல்லா, என்னய யாரும் பாக்காம வெரசா பின்வாசல் வழியாக் கூட்டிப் போயிரு" என்றார் பரமானந்தம்.

மறுநாள் பெரிய வெள்ளி. விடிந்ததும் வார்டன் ஆள் அனுப்பியிருந்தார், இனிமேல் அடுப்படிப் பக்கம் வரவேண்டாம் என்று. முந்தின நாள் சுட்ட ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் குழியில் போட்டுவிட்டார்கள் என்றும் வந்தவன் சொன்னான். பரமானந்தம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தெரசம்மாள் கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

டாக்டர் திருமலைச்சாமி மதுரைக்காரர். சீசன் மாதங்களில் மலைக்கு வந்து எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்வார். பேச்சு சுருக்கென்று இருக்கும். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டு, பையிலிருந்து ஓர் இரும்புக் கவையை எடுத்தார். பாட்டு வாத்தியார்கள் சுருதி பார்ப்பார்களே, அந்த மாதிரி. தட்டினால் ரீங்காரத்தோடு அதிரும்.

"இத ஒங்க கணுக்கால் எலும்புல வைப்பேன். அதிருதா இல்லையான்னு சொல்லணும். கண்ண மூடுங்க" என்றார்.

கண்ண மூடு என்ற சொல்லைக் கேட்டதும் பரமானந்தம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூடினார். ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

டாக்டர் கவையைத் தட்டி வைத்தார். "அதிருதா?"

"அதிருதுங்கய்யா."

அடுத்த காலில் வைத்தார். "இப்ப?"

"நல்லா அதிருதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். மறுபடி சத்தம் வரத் தட்டினார். ஆனால் விரலால் பிடித்து அதிர்வை நிறுத்திவிட்டு, செத்த இரும்பைப் பெருவிரலில் வைத்தார்.

"இப்ப?"

"அதிருதுங்கய்யா. எல்லாம் தெரியுது. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் வீட்டுக்குப் போறேன்."

கையும் களவுமாக அகப்பட்டுவிட்டார். எனக்கே தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. டாக்டர் கோபப்படவில்லை. கவையை மறுபடி தட்டி, அவருடைய நெற்றியில் வைத்தார். பரமானந்தம் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இதுக்குப் பேரு அதிர்றது. இப்பிடிக் கால்ல இருந்துச்சா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தெரசம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லையாம். எல்லாவற்றையும் கொட்டினார். எறும்பு ஊர்ந்தது, செருப்புக் கழன்றது, சுவரில் படித்தது, தழும்பு, தனித்தட்டு, ஈர்க்குச்சி. "எனக்குப் பெரிய வியாதிங்கய்யா. தெரிஞ்சே ஊருக்கு ரொட்டி சுட்டுப் போட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற தெரசம்மாள் "அதுக்குத்தான் முன் ரூம்புல படுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் முழங்கையின் உட்பக்கத்தையும் முழங்காலின் வெளிப்பக்கத்தையும் விரலால் உருட்டி உருட்டி நரம்பைத் தேடிப் பார்த்தார். தொழுநோய் என்றால் அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தடிப்பு இல்லை. பிறகு பஞ்சால் கெண்டைக்காலின் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்தார். இந்தத் தடவை பரமானந்தம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உண்மையைச் சொன்னார். இரண்டு காலிலும் சாக்ஸின் விளிம்பு எங்கே இருக்குமோ, ஏறக்குறைய அந்த இடத்தில் உணர்ச்சி நின்றுபோயிற்று. இரண்டிலும் ஒரே அளவு.

"இசபெல்லா, இவர் யூரினக் காய்ச்சிப் பாருங்க."

சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, நாலைந்து சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் போக நிறம் கிடையாது.

"சர்க்கரை. வருசக்கணக்கா இருந்திருக்கு. அதான் நரம்பக் கொன்னுருக்கு. தொழுநோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தத் தழும்பும் சர்க்கரையில வர்றதுதான்."

"சுகராங்கய்யா? சுகரு மட்டுந்தானா?" பரமானந்தம் டாக்டரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டார். தெரசம்மாள் அதற்குள் வாசலுக்கு ஓடி, "எங்க வீட்டுக்காரருக்குச் சுகருங்க! சுகரு!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பணக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று அப்போது பெயர். மகனுக்குச் சர்க்கார் வேலை கிடைத்ததுபோல் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இதுல சந்தோசப்பட என்ன இருக்கு? செத்த நரம்பு திரும்பி வராது. இந்தப் புண்ணு ஆறலைன்னா கால எடுக்கணும்."

கால் போகவில்லை, சுண்டுவிரல் போயிற்று. அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் டாக்டரே பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய் வார்டனிடம் எடுத்துச் சொன்னார். ஒட்டுகிற வியாதி அல்ல என்று சாமியாரும் பூசையில் சொன்னார். பெஞ்சை விட்டு நகர்ந்த பெண்களே முட்டையும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வேலை திரும்பக் கிடைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவர் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் கட்டு மாற்றும்போது டாக்டரிடம் கேட்டார்.

"ஐயா, ஒரு ஆளுக்குக் கையில ஒரே ஒரு தேமல். அவன் மாவு பெசஞ்சா ஊருக்கே ஒட்டிக்கிருமா?"

"ஒரு தேமலுக்கா? ஒட்டாது. அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். வெரட்டி விட்டா மருந்துக்கு எங்க போவான்? கை மடங்குனப்புறம்தான் வருவான்."

பரமானந்தம் அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

புண் ஆறியதும் புதுப் பிரச்சினை. சாதாரணச் செருப்புப் போட்டால் மறுபடி புண் வரும். உணர்ச்சியில்லாத காலுக்கு மெத்தென்ற ரப்பரில், காலின் அளவு எடுத்து, ஆணி இல்லாமல் ஒட்டித் தைக்கிற செருப்பு வேண்டும். அந்தக் காலத்தில் அது கடையில் கிடைக்காது. வத்தலக்குண்டைத் தாண்டி இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் தங்கள் ஆட்களுக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். டாக்டர் அங்கே போகச் சொன்னார். மருந்து வாங்க மாதாமாதம் நான் அந்தப் பக்கம் போவதுண்டு. நானே அவரைக் கூட்டிப் போனேன்.

வத்தலக்குண்டு வெயிலில் மண்டை காய்கிறது, மனுஷன் மப்ளரை அவிழ்க்கவில்லை. அந்த இல்லத்து நிறுத்தத்தில் இறங்குவதை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மூக்குவரை மூடிக்கொண்டிருந்தார். "நீங்க திருந்தவே மாட்டீங்களாண்ணே?" என்று நான் கடிந்துகொண்டேன். மப்ளரைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அந்தப் பையில் துணியில் சுற்றி ஒரு ரொட்டி இருந்தது. யாருக்கு என்று நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை. ராமர் அங்கேதான் இருக்கிறார் என்று அவர் விசாரித்துவைத்திருந்தது எனக்குத் தெரியாது.

செருப்புத் தைக்கிற கொட்டகையில் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் தலையைத் தூக்கினார். இடது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

"வாங்க மாஸ்டர்" என்றார். நேற்றுப் பார்த்தவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

பரமானந்தம் நின்ற இடத்திலேயே நின்றார். நான்தான் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். ராமர் கீழே உட்கார்ந்து, ஒரு காகிதத்தை விரித்து, அவர் காலைத் தூக்கி அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிலும் கோடு போட ஆரம்பித்தார். மடங்கிய விரல்களால் குதிகாலை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு காலும் அப்பிடித்தானா மாஸ்டர்?"

"ஆமா ராமரு."

"சுகர்னு சொன்னாங்க. வேலைக்குச் சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க."

"நல்லது."

அந்த ‘நல்லது’வில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. வேலைக்கு நடுவில் சொன்ன ஒரு சொல். பரமானந்தம் பஸ்ஸில் வரும்போதெல்லாம் உதட்டை அசைத்து அசைத்துச் சேர்த்துவைத்த பேச்சு எங்கே போயிற்றோ, ரொட்டியை மட்டும் எடுத்து நீட்டினார்.

"ராமரு, அன்னைக்கி அந்த மாவ..."

"குழியில கொட்டுனீங்க. பாத்துக்கிட்டுத்தான நின்னேன்" என்றார் ராமர். ரொட்டியை வாங்கிப் பக்கத்துப் பலகையில் வைத்தார். பிரித்துப் பார்க்கவில்லை. "கண்ண மூடுங்க மாஸ்டர்."

எனக்குத் திக்கென்றது. பழைய கணக்கைத் தீர்க்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. பாதத்தில் எந்தெந்த இடம் செத்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொள்வது அங்கே எல்லாருக்கும் செய்வது. அந்த இடத்தில் ரப்பரைக் கூட்டி வைப்பார்கள். ஆனால் பரமானந்தத்துக்கு அது அப்படிக் கேட்டிருக்காது. முகம் சுண்டிப்போயிற்று. மறுபேச்சுப் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை ஓர் இமைகூட அசையவில்லை.

"எங்கன தொடுறேன்னு சொல்லுங்க."

ராமர் பெருவிரலைத் தொட்டார். உள்ளங்காலைத் தொட்டார். போன விரலின் தழும்பைத் தொட்டார்.

"தெரியல ராமரு" என்றார் பரமானந்தம். டாக்டரிடம் சொன்ன மாதிரி அதிருது, தெரியுது என்று ஒன்றும் சொல்லவில்லை. கண்ணோரம் நனைந்துவிட்டது.

"சரி, போதும் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு ராமர் எழுந்து, ரப்பர் வெட்டக் கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போனார். அதற்குச் சற்று முன் அங்கே மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது; அந்தச் சத்தத்தில் ராமர் போதும் என்றது பரமானந்தத்துக்குக் கேட்கவில்லை. கால்மேல் கை இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளவும் இவருக்கு வழியில்லை. கண்ணை மூடியபடியே, காலை அசைக்காமல், "தெரியல ராமரு... இன்னும் தெரியல..." என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.